அன்றாடம் கலைந்த நாட்களில் விசுவாசம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை போனது, வீட்டில் ஒரு சாவு, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி, கடன், ஊர் மாற்றம். இப்படி ஏதோ ஒன்றில் அன்றாடம் கலைந்துபோனவர்கள், ஜெபக்கூட்டம் முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வசனங்கள் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து. கத்தோலிக்கர்கள் சங்கீதம் என்று வரும் இடத்தில் திருப்பாடல் என்று வாசித்துக்கொள்ளுங்கள், எண் ஒன்றுதான்.

முன்பு தினமும் காலையில் வேதம் வாசித்து ஜெபிப்பேன். இப்போது பல மாதமாக முடியவில்லை. என் விசுவாசம் போய்விட்டதா?

அவசரப்பட்டு முடிவுகட்ட வேண்டாம். முதலில் கலைந்தது உங்கள் ஒழுங்கு. காலை ஐந்து மணி அலாரம், காப்பிக்கு முன் ஒரு அதிகாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முதல் மணி அடிக்கும்போது அவசர அவசரமாக இஸ்திரி. நம்மில் பெரும்பாலானோரை ஜெபிக்க வைப்பது இவைதான். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. பழக்கத்தால் செய்கிற ஜெபமும் ஜெபம்தான். ஆனால் வீடு மாறி, தூக்கம் மாறி, வீட்டில் ஓர் ஆள் குறைந்துபோனால் அந்தத் தாங்கல்கள் எல்லாம் மொத்தமாகக் கழன்றுவிடும். ஜெபம் நின்றுபோவதைப் பார்த்து, உள்ளே எப்போதுமே ஒன்றும் இருந்ததில்லை போல என்று நினைக்கத் தோன்றும்.

டீட்ரிக் போன்ஹோஃபர் என்ற ஜெர்மானிய லுத்தரன் போதகரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஹிட்லரை எதிர்த்தவர். 1943 ஏப்ரலில் கைதாகி பெர்லினில் டேகல் சிறையில் இருந்தார். அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்குக் கூட இருந்த கைதிகளுக்காக ஜெபங்கள் எழுதிக் கொடுத்தவர் அவர். அதே மனிதர் 1944 மார்ச்சில் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், சில வாரங்களாகத் தான் வேதம் அதிகம் வாசிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, அதைப் பற்றிக் குற்ற உணர்வு இல்லை, கொஞ்ச நாள் கழித்துப் பசியோடு மறுபடி அதில் இறங்குவேன் என்று தெரியும் என்கிறார். 1945 ஏப்ரல் 9-ஆம் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவருக்கே அப்படி வாரங்கள் இருந்திருக்கின்றன. உங்களுக்கு இருக்கக் கூடாதா?

சரி, எங்கிருந்து மறுபடி ஆரம்பிப்பது?

எலியா தீர்க்கதரிசியிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரம். சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. எழுந்திருந்து சாப்பிடு என்று தட்டி எழுப்பினான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போனார். இரண்டாம் தரமும் தூதன் வந்து அதையேதான் சொன்னான். ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தில் கர்த்தர் அவரோடு பேசியதெல்லாம் அதற்கப்புறம். பல நாள் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்துவிட்டு, ஜெபத்தில் மனம் ஒன்றவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். சாப்பிடுங்கள், தூங்குங்கள்.

அப்புறம் ஒன்றே ஒன்று. பழைய ஒழுங்கு முழுவதையும் மீட்டெடுக்கப் பார்க்காதீர்கள். ஒரு வருஷத்தில் முழு வேதாகமம் என்கிற அட்டவணையைத் தூசி தட்டி எடுக்க இது நேரமில்லை. சங்கீதம் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆறே வசனம். வாய்விட்டு வாசித்தாலும் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அதை எந்த நேரத்தில் என்பதை மட்டும் உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு குழப்பத்திலும் மாறாமல் இருக்கிற ஏதாவது ஒன்றோடு அதைச் சேர்த்துவிடுவது நல்லது: சர்க்கரை மாத்திரை போடும் நேரம், பிள்ளையை வேன் ஏற்றிவிட்டு வாசலில் நிற்கும் நேரம், ராத்திரி கேஸை மூடும் நேரம். மனசு ஒட்டினாலும் ஒட்டாவிட்டாலும் உதடு அசையட்டும். ராஜாவைத் தவிர யாரிடமும் வேண்டக் கூடாது என்ற கட்டளையைக் கேள்விப்பட்டதும் தானியேல் புதிதாக எதையும் தொடங்கவில்லை. முன் செய்துவந்தபடியே தினம் மூன்று வேளை, எருசலேமுக்கு நேரே திறந்த ஜன்னலில் முழங்காற்படியிட்டார். நமக்கு மூன்று வேளை எதற்கு, ஒரு வேளை போதும்.

ஜெபிக்க உட்கார்ந்தால் கோபமும் அழுகையும்தான் வருகிறது. கடவுளிடம் கோபப்படலாமா?

"கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்குவது மேலே சொன்ன அதே 13-ஆம் சங்கீதம். 150 சங்கீதங்களில் கணிசமானவை இப்படிப்பட்ட முறையீடுகள். பெரும்பாலானவை கடைசியில் ஒரு நம்பிக்கை வரியில் வந்து நிற்கும். 88-ஆம் சங்கீதம் அதுகூட இல்லாமல், நண்பர்களையும் எனக்குத் தூரமாக்கிவிட்டீர் என்ற புகாரோடேயே முடிந்துவிடுகிறது. அதைத் திருத்தி, கடைசியில் ஒரு அல்லேலூயா சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. சிலுவையில் இயேசு சொன்ன "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

புலம்பல் புத்தகத்தையும் ஒருதரம் உட்கார்ந்து வாசியுங்கள், ஐந்தே அதிகாரம். எருசலேம் எரிந்து, பிள்ளைகள் பசியில் தெருவில் விழுகிறதைப் பார்த்த ஒருவரின் பாட்டு. முதல் நான்கு அதிகாரங்களும் எபிரெய அகரவரிசையில் அடுக்கப்பட்டவை. எழுத்துகள் 22, அதனால்தான் 1, 2, 4-ஆம் அதிகாரங்களில் 22 வசனம், நடு அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்றாக 66. ஐந்தாம் அதிகாரத்திலும் 22 வசனம்தான், ஆனால் அகரவரிசை அங்கே விட்டுப்போகிறது. அழுகைக்கும் ஒரு ஒழுங்கு கொடுத்து அழுதிருக்கிறார்கள். நம் ஊர் ஒப்பாரியும் அப்படித்தானே, மெட்டும் முறையும் உண்டு. துக்க வீட்டில் அழுகிறவர்களை உடனே அடக்கி "அழாதீங்க, பாட்டுப் பாடுவோம்" என்று ஆரம்பிக்கிற நம் அவசரம் எனக்கு எப்போதும் ஒப்புதல் இல்லாத விஷயம். பாட்டு வேண்டியதுதான். கொஞ்சம் அழ விட்டுப் பாடலாம்.

"விசுவாசம் குறைவு, அதனால்தான் இப்படி" என்கிறார்கள். "சீக்கிரம் எல்லாம் மாறும், தீர்க்கதரிசனம் வந்திருக்கு" என்றும் சொல்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

எரேமியா 28, 29 இரண்டு அதிகாரங்களையும் சேர்த்து வாசித்துவிட்டு முடிவு பண்ணுங்கள். கி.மு. 597-இல் பாபிலோனியர்கள் எருசலேமிலிருந்து ராஜாவையும், பிரபுக்களையும், தச்சர் கொல்லரையும் பிடித்துக்கொண்டு போனார்கள். சில வருஷம் கழித்து அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் ஜனங்கள் எல்லார் முன்னாலும் எழுந்து, இரண்டு வருஷத்தில் அத்தனை பேரும் திரும்பி வருவார்கள், ஆலயப் பாத்திரங்களும் திரும்பி வரும் என்றான். பாபிலோனுக்குப் பணிய வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியா தீர்க்கதரிசி கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை வாங்கி உடைத்தும் காட்டினான். கூட்டத்துக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதில் எனக்குப் பிடித்த இடம், எரேமியா முதலில் சொன்ன பதில்: "ஆமென்." கர்த்தர் அப்படியே செய்வாராக என்கிறார். அவருக்கும் அந்த ஆசைதான். ஆனால் கர்த்தர் அப்படிச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் அதையும் அனனியாவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்புறம் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா அனுப்பிய கடிதம் 29-ஆம் அதிகாரம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், கல்யாணம் பண்ணுங்கள், பிள்ளைகளுக்கும் பண்ணி வையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணம் நன்றாக இருக்க ஜெபம் பண்ணுங்கள், ஏனென்றால் எழுபது வருஷம் ஆகும். வாசித்தவர்களில் பெரியவர்கள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்பதுதான் அதன் அர்த்தம். இந்த எழுபது வருஷத்துக்கு அடுத்த வசனம்தான் நம் வீட்டுக் காலண்டர்களில் எல்லாம் இருக்கிற அந்த 11-ஆம் வசனம்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே."

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கூடையிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். 2020 பிறந்த ராத்திரியும் எடுத்தோம். அந்த மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். அட்டையின் மேல் தப்பு ஒன்றும் இல்லை, அதில் எழுபது வருஷம் என்கிற பத்தாம் வசனத்துக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். நாள் குறித்து விடுதலை என்று நோட்டீஸ் அடிக்கிறவர்களை விட, நீங்கள் இருக்கிற இடத்திலேயே தோட்டம் போடு என்கிறவரை நான் நம்புவேன். வாடகை வீட்டுக்கு மாறிவிட்டீர்களா? பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறீர்களா? அடுத்த கட்டிலில் இருப்பவருக்காக ஜெபியுங்கள்.

"விசுவாசம் குறைவு" என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. எல்லாவற்றையும் இழந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்ததும்தான் வந்தது வினை.

சபைக்குப் போக முடியவில்லை. யூடியூபில் ஆராதனை பார்த்தால் போதுமா?

போக முடியாதவருக்குப் போதும். போக முடிந்தும் போகாதவருக்கு நான் போதும் என்று சொல்லமாட்டேன். ஆலயம் மூடியிருப்பது திருச்சபைக்கு ஒன்றும் புதிதல்ல. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் காலையில் இலங்கையில் கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிய செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் மூன்றிலும் குண்டு வெடித்தது. அடுத்த ஞாயிறு கத்தோலிக்கர்கள் கர்தினால் நிறைவேற்றிய திருப்பலியை வீட்டில் தொலைக்காட்சியில்தான் கண்டார்கள். அடுத்த வருஷம் ஈஸ்டர் ஏப்ரல் 12, நம் எல்லாருக்கும் அதே நிலை வந்தது. தமிழ்நாட்டில் பெரிய ஆலயங்கள் செப்டம்பர் வரை திறக்கவில்லை.

வீட்டில் பார்ப்பதென்றால் சில விஷயம். மற்றவர்கள் எழுந்து நிற்கும்போது நீங்களும் எழுந்து நில்லுங்கள், முடியாவிட்டால் நிமிர்ந்து உட்காருங்கள். பாட்டை வாய்விட்டுப் பாடுங்கள். குக்கர் விசிலுக்கு நடுவே பின்னணியில் ஓடவிட்டால் அது ரேடியோ. முக்கியமாக, உங்கள் சொந்த சபையின் ஆராதனையைப் பாருங்கள், கேமரா ஆடினாலும் மைக் இரைந்தாலும் சரி. சேனல் சேனலாக நல்ல பிரசங்கம் தேடி அலைவது வேறொரு பழக்கத்தில் கொண்டுபோய் விடும்.

திருவிருந்து பற்றி சபைக்குச் சபை முறை மாறும். திரைமுன் அப்பமும் ரசமும் வைத்துக்கொள்ளலாமா என்பதை உங்கள் போதகரிடம் கேளுங்கள். ஆனால் படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது பழைய வழக்கம், கேட்கத் தயங்கவேண்டாம். கத்தோலிக்கர்களுக்கு, நற்கருணை வாங்க முடியாதபோது இயேசுவை மனசுக்குள் வரச்சொல்லி வேண்டுகிற ஆன்மிக நற்கருணை ஜெபம் இருக்கிறது. நோயாளிக்கு நற்கருணையும், எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயிற்பூசுதலும் கொடுக்க ஃபாதர் வீட்டுக்கு வருவார். அவருக்குத் தகவல் தெரிந்தால்தான் வருவார், அதனால் போன் பண்ணுங்கள்.

ஷிப்ட் வேலை. ஞாயிறு லீவு கிடைப்பதே இல்லை. என்ன செய்வது?

வளைகுடாவில் தமிழ்ச் சபைகள் வெள்ளிக்கிழமை ஆராதனை நடத்தி ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. எமிரேட்ஸில் 2022 ஜனவரியில் வார விடுமுறையை சனி ஞாயிறுக்கு மாற்றிய பிறகுதான் அங்கே பலருக்கு ஞாயிறு ஆராதனை கைக்கு எட்டியது. வெள்ளிக்கிழமை பாடின பாட்டைக் கர்த்தர் கேட்காமல் இல்லை. நர்ஸ், போலீஸ், டிரைவர் வேலையில் இருப்பவர்கள் சபையில் வார நாள் ஜெபக்கூட்டம் எது என்று பார்த்து அதையே தங்கள் ஞாயிறாக வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில். நான்தான் கூட இருக்கிறேன். ஜெபிக்கவும் தெம்பு இல்லை.

அந்த ஸ்டூலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பதே ஒரு ஊழியம் என்று யாராவது உங்களுக்குச் சொல்ல வேண்டும், நான் சொல்லிவிடுகிறேன். டிரிப்ஸ் பாட்டில் தீர்கிறதா என்று பார்ப்பது, ரத்தம் கொடுக்க ஆள் தேடுவது, பில் கவுண்டரில் நிற்பது. இதற்கு நடுவில் நீளமான ஜெபம் வராது. "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்": மாற்கு 9-இல் நோயாளிப் பையனின் அப்பா சொன்னது. அவரும் கூட இருந்து பார்த்துக்கொண்டவர்தான். அந்த வரி போதும். அதுவும் வராவிட்டால், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8 சொல்கிறது.

உங்களுக்காக மற்றவர்கள் ஜெபிக்க விடுங்கள். மாற்கு 2-இல் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு கூரையைப் பிரித்து இறக்கியவர்கள் நான்கு பேர். இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" மன்னித்தார் என்று இருக்கிறது. படுத்திருந்தவன் அந்த நேரத்தில் என்ன நம்பினான் என்று மாற்கு எழுதவே இல்லை.

உதவி கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். "ஜெபம் பண்ணிக்கோங்க" என்றால் எல்லாரும் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். "சனிக்கிழமை ராத்திரி ஒருத்தர் வந்து தங்கினா நான் வீட்டுக்குப் போய்க் குளிச்சிட்டு வருவேன்" என்றால் யாராவது வருவார்கள். ஒரு வேண்டுகோள்: நோயாளியின் போட்டோவையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர் கேட்டால் ஒழிய. ஜெபித்துவிட்டோம் என்று டாக்டர் சொன்ன மருந்தை நிறுத்தவும் செய்யாதீர்கள்.

வருமானம் இல்லை. தசமபாகம் கொடுக்க முடியவில்லை. சாபம் வருமா?

வராது. கடன் வாங்கிக் காணிக்கை போடவும் வேண்டாம். இல்லாததின்படி அல்ல, உள்ளதின்படியே அங்கீகரிக்கப்படும் என்று 2 கொரிந்தியர் 8:12-இல் இருக்கிறது. உங்கள் நிலைமை தெரிந்தும் யாராவது வற்புறுத்தினால், உங்களுக்கு உதவ சபையில் நிதி இருக்கிறதா என்று திருப்பிக் கேளுங்கள்.

வீட்டில் துக்கம். இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாடலாமா, கூடாதா?

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் பண்டிகைக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் கடற்கரையில் இருந்தார்கள். குளச்சலிலும் நாகப்பட்டினத்திலும் வாசலில் கட்டின ஸ்டார் இன்னும் இறக்கப்படாத வீடுகள். 2017-இல் ஒக்கி புயல் அடித்தது நவம்பர் 30. கடலுக்குப் போன ஆட்கள் வருவார்களா மாட்டார்களா என்று தெரியாமலேயே குமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸ் வந்தது. அங்கே யாரும் ஸ்டார் கட்டவில்லை என்று குறை சொல்ல முடியுமா?

மத்தேயு 2-ஆம் அதிகாரத்தில், சாஸ்திரிகள் பொன்னும் தூபவர்க்கமும் வைத்துவிட்டுப் போனதுமே ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடுகிறார்கள். பெத்லகேமில் பிள்ளைகளை இழந்த தாய்மாரின் அழுகை, ராகேல் ஆறுதலடையாதிருக்கிறாள் என்று அதே அதிகாரத்தில் வருகிறது. ஆகவே துக்க வீட்டுக்கும் அந்தப் பண்டிகையில் இடம் உண்டு. ஆராதனைக்குப் போங்கள். கேக், புதுத்துணி, ஸ்டார் எல்லாம் உங்கள் இஷ்டம். பிள்ளைகள் குடில் வைக்க ஆசைப்பட்டால் வைக்கவிடுங்கள், ஊர் என்ன சொல்லும் என்று தடுக்காதீர்கள். ஒருவருக்கு வேண்டும், இன்னொருவருக்கு வேண்டாம் என்றால், வேண்டாம் என்பவர் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ள உரிமை உண்டு.

"இயேசப்பா ஏன் தாத்தாவைக் காப்பாத்தல?" என்று குழந்தை கேட்கிறது.

தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சொல்லுங்கள். "இயேசுவுக்குத் தாத்தாவை ரொம்பப் பிடிச்சுது, அதான் கூட்டிக்கிட்டார்" என்று சொல்லாதீர்கள். தன்னையும் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்று பயந்து ராத்திரி தூங்காத குழந்தைகள் உண்டு. லாசரு கல்லறையில் இயேசு அழுதார் என்பதைச் சொல்லிக் கூடவே உட்காருங்கள்.

ஜெபித்தும் மனம் தேறவே இல்லை. தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை, செத்தால் தேவலாம் போல இருக்கிறது.

வாரக்கணக்கில் இப்படி இருந்தால் டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய், பாவம் அல்ல. பிசாசை விரட்டுகிறேன் என்று யாராவது சத்தம்போட வந்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல், இப்போதே அந்த எண்ணுக்கோ நம்பிக்கையான ஒருவருக்கோ பேசுங்கள், தனியாக இருக்கவேண்டாம். பாஸ்டரும் டாக்டரும் இரண்டு பேருமே வேண்டும்.

பல மாதம் கழித்துச் சபைக்குத் திரும்பக் கூச்சமாக இருக்கிறது. "ஆளையே காணோமே" என்பார்கள்.

என்பார்கள். பாதிப் பேர் பாசத்தில் கேட்பார்கள், மீதிப் பேர் விஷயம் தெரிந்துகொள்ளக் கேட்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில் போதும்: "கொஞ்சம் சிரமமா இருந்துச்சு, இப்ப வந்துட்டேன்." அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தரவேண்டியதில்லை. சாட்சி சொல்லச் சொல்லி மைக்கை நீட்டினால் இன்னொரு நாள் சொல்கிறேன் என்று திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அறுப்பின் பண்டிகை, அசனம், கன்வென்ஷன் மாதிரிக் கூட்டம் நெரிகிற நாளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சாதாரண ஞாயிறு நல்லது. இரண்டு ஆராதனை நடக்கிற சபை என்றால் முதல் ஆராதனைக்குப் போங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், சீக்கிரமும் முடியும். முந்தின நாள் நெருக்கமான ஒருவருக்குப் போன் செய்து, பக்கத்தில் இடம் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். முதல் நாள் கடைசிப் பாட்டில் எழுந்து வந்துவிட்டாலும் பரவாயில்லை.